நாலாவது கை

காரைக்கால் தலத்தெருவில் வெண்மதி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பிரான்சு வீடு என்று பெயர். அந்தத் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்னும் சில உண்டு. ஆனால் மாடியில் கண்ணாடி ஜன்னலும் வாசலில் இரும்புக் கேட்டும் வைத்து முதலில் கட்டியவர் லெயோன் என்பதால் பெயர் அவர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. லெயோன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர்தான் லெயோன், குளித்துத் திருநீறு பூசாமல் காப்பியைத் தொடமாட்டார். மனைவி ஒர்த்தான்ஸ். மகள் கரீனும் மகன் ஸ்டெஃபானும் பாரீசுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஸ்டெஃபானுக்கு விமான நிலையத்தில் வேலை.

வெண்மதி நெடுங்காட்டுப் பக்கத்துப் பெண். அப்பா சொந்த நிலத்தில் நெல்லும் உளுந்தும் போடுகிறவர். தினமும் பஸ் பிடித்துக் காரைக்கால் வந்து வேதியியல் படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். மேலே படிக்க வேண்டும் என்று அவள் வாயெடுப்பதற்குள் பிரான்சு மாப்பிள்ளைச் சம்பந்தம் வந்து நின்றது. "ஒரு வருஷம் பொறுத்துக்க மதி. பேப்பரெல்லாம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டு, கல்யாணமான மறுமாதம் ஸ்டெஃபான் விமானம் ஏறினான்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். குளிருக்குப் போடுகிற மேல்கோட்டு ஒன்றைப் பாண்டிச்சேரியில் வாங்கி, பீரோவில் மாட்டி வைத்தாள். முதல் வருடம், இருக்கிற வீடு சின்னது, பெரிய வீடு பார்க்கிறேன் என்றான். இரண்டாம் வருடம் வேலை மாறுகிறது என்றான். மூன்றாம் வருடம் லெயோனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. "இந்த நேரத்துல மம்மாவைத் தனியா விட்டுட்டு நீ எப்படி வருவ?" என்று ஸ்டெஃபான் கேட்டபோது அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் கேட்பதற்குச் சந்தர்ப்பமே வரவில்லை. காலையில் மாமனாரைத் தூக்கி உட்கார வைப்பது, பல் துலக்கிவிடுவது, மாத்திரை கொடுப்பது, கஞ்சி கொடுப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, துணி அலசுவது, மறுபடியும் கஞ்சி. ஒர்த்தான்ஸுக்கு மூட்டுவலி. குனிய முடியாது, ஆனால் விமானத்தில் போக முடிந்தது. வருடத்தில் பாதி நாள் மகள் வீட்டில் இருப்பாள். ஆகஸ்டில் ஸ்டெஃபான் வருவான். வாசனை சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவான். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவான். குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றியும் தெரு அவளிடம்தான் கேட்டது.

ஸ்டெஃபான் கெட்டவன் இல்லை. அங்கே அவனுக்கு வேறு பெண் யாரும் இருந்ததாகவும் தெரியவில்லை. தினமும் கூப்பிடுவான். "பப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பான். "நீ சாப்பிட்டியா?" என்றும் கேட்பான். இன்ன இடத்தில் தப்பு என்று காட்ட முடியாத அந்த வாழ்க்கையைப் பற்றி அவள் யாரிடம் புகார் சொல்வது? அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "மகாராணி மாதிரி இருக்க, என்னாடி குறை உனக்கு?" என்றாள் அம்மா.

இளவயதில் இருந்தே லெயோனுக்குச் சாயங்காலம் என்றால் பெலோத் ஆட்டம்தான். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட சீட்டாட்டம். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஊரில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் மூன்று பேர் அவரோடு ஆட வருவார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் மகனோடு பிரான்சுக்கே போய்விட்டார். மூன்றாமவர் கொஞ்ச நாள் வந்து பார்த்தார். பேச முடியாத ஆளுக்கு எதிரே உட்கார்ந்து தானே பேசிக்கொண்டிருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவரும் நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் வெயில் தாழும் நேரத்தில் லெயோன் இடது கையால் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். பக்கவாதம் அவரிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டு வைத்திருந்தது. "நோன்." பிரெஞ்சில் இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். பசித்தாலும் நோன், வலித்தாலும் நோன், வேண்டும் என்றாலும் நோன். தண்ணீர் கொடுத்தால் நோன். டி.வி. போட்டால் நோன். ஒருநாள் சலித்துப்போய் வெண்மதி அலமாரியில் இருந்த சீட்டுக்கட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள். தட்டுவது நின்றது. இடது கையால் கட்டைத் தடவிக்கொண்டே, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலி, அதற்கடுத்த நாற்காலி.

"நாலு பேருக்கு நான் எங்க மாமா போவேன்?" என்றாள்.

எதிர்வீட்டு பஹீமாதான் முதலில் நினைவுக்கு வந்தாள். பஹீமாவின் கணவன் ஜவஹர் அலியும் பிரான்சில்தான். இருவரும் ஒரே பிரெஞ்சு வகுப்பில் படித்தவர்கள். மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள்.

"சீட்டா?" பஹீமா கண்ணை விரித்தாள். "எங்க மாமி காதுல வுழுந்தா அவ்வளவுதான், தோலை உரிச்சுத் தொங்க வுட்டுடுவாங்க."

"காசு வெச்சா ஆடப்போறோம்? மனுசன் மேஜையத் தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சு. ஒரு மணிநேரம் வந்து உக்காரு. பிரெஞ்சு படிக்கிறோம்னு சொல்லிக்க."

"பிரெஞ்சுதானே? அது பொய் ஆவாதுல்ல" என்று பஹீமா சிரித்தாள்.

மூன்றாமவள் பெரியநாயகி அக்கா. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தாள். பிறந்த ஊர் மண்டபத்தூர். மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணன் தம்பிகள் முன்னூற்று நாலு என்கிற சீட்டாட்டம் ஆடும்போது ஆள் குறைந்தால் இவளை உட்கார வைப்பார்களாம். அந்த ஞாபகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். "சீட்டுன்னா எனக்கு நீ சொல்லித்தர வேணாம் மதி. எல்லாம் தெரியும்."

அதுதான் தொல்லையாகப் போயிற்று. பாதி அதே ஆட்டம், பாதி வேறு ஆட்டம். இரண்டிலும் ஜாக்கிதான் பெரியது, அடுத்தது ஒன்பது. ஆனால் பெலோத்தில் துருப்புச் சீட்டில் மட்டும்தான் அந்த மரியாதை. மற்ற ஜாதியில் ஜாக்கி ஒரு சாதாரணச் சீட்டு, ஏஸ்தான் மேலே. பெரியநாயகி அக்கா கிளாவர் ஜாக்கியை ஓங்கி அடித்துவிட்டு, பிடியை அள்ளக் கை நீட்டுவாள். லெயோன் "நோன்!" என்று கத்துவார்.

"என்னா நோனு? ஜாக்கிங்க இது, ஜாக்கி!"

"நோன்! நோன்!"

"அக்கா, இப்ப துருப்பு ஆட்டின் ஜாதிக்கா. கிளாவர் ஜாக்கிக்கு ரெண்டே புள்ளிதான்."

"ஒரே ஆளு ஒரு நேரம் ராஜாவா, ஒரு நேரம் தோட்டியா? இது என்னாடி ஆட்டம்!"

மூவருக்கும் விதி தெரியாது. தெரிந்தவருக்குச் சொல்ல வாய் இல்லை. வெண்மதி போனில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் போட்டிருந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். வகுப்பில் படித்த பிரெஞ்சு அவளுக்கு அங்கேதான் முதன்முதலாகப் பயன்பட்டது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னாள். ஏழில் இருந்து ஏஸ் வரைக்கும் முப்பத்திரண்டு சீட்டு. கேட்ட ஜாதி கையில் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்ட வேண்டும். ஆனால் கூட்டாளி பிடித்துக்கொண்டிருந்தால் வெட்ட வேண்டியதில்லை. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால், ஒன்றை இறக்கும்போது "பெலோத்" என்றும் அடுத்ததை இறக்கும்போது "ரெபெலோத்" என்றும் சொல்லி இருபது புள்ளி வாங்கலாம். பஹீமா இதில் மயங்கிவிட்டாள். ராஜா ராணி வந்துவிட்டால் அவள் முகமே சொல்லிவிடும்.

லெயோனால் ஒரு கையில் சீட்டை விரித்துப் பிடிக்க முடியவில்லை. துணி தேய்க்கிற புது பிரஷ் ஒன்றை வெண்மதி வாங்கிவந்து, முடி மேலே பார்க்கத் திருப்பி வைத்தாள். முடிக்கு இடையில் சீட்டுகளைச் செருகினால் வரிசையாக நின்றன. துருப்பு எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு நாற்காலிக் கையைத் தட்டுவார். வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

சில வாரங்கள் சண்டையிலேயே போயின. அப்புறம் வெண்மதிக்கு ஆட்டம் பிடிபட்டது. எந்தச் சீட்டு போனது, எது இன்னும் வெளியே வரவில்லை, டைமன் பத்தை ஏன் பஹீமா பதுக்குகிறாள், மாமா முதல் பிடியிலேயே இஸ்பேடு ஏழை ஏன் தள்ளினார் என்பதெல்லாம் தானாக மனதில் ஓட ஆரம்பித்தன. கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் நிறம் மாறுகிற நொடிக்காகக் கண் கொட்டாமல் நின்ற நாட்களுக்குப் பிறகு, அவள் மூளை அப்படி விழித்திருந்தது இப்போதுதான். காலையில் துணி அலசும்போதும் முந்தின நாள் ஆட்டத்தைத் திரும்ப ஆடிப்பார்த்தாள். மூன்றாவது பிடியில் துருப்பை இழுத்திருக்க வேண்டும் என்று சோப்பு நுரைக்கு நடுவில் தெரியும்.

அவளும் லெயோனும் எப்போதும் கூட்டாளிகள். அவர் வேண்டாத சீட்டாக எந்த ஜாதியைத் தள்ளினாலும், அதில் தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்கிறார் என அவள் கண்டுகொண்டாள். அவளும் அதே மாதிரி பதில் சொன்னாள். அத்தனை வருடத்தில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொண்டது அதுதான்.

லெயோன் தேறினார். வாய்க் கோணல் குறைந்தது. கழுத்து நிமிர்ந்தது. பார்க்க வந்த டாக்டர் மெச்சினார். செய்தி பிரான்சுக்குப் போயிற்று. "நீ இருக்கறதாலதான் மதி பப்பா இப்படி இருக்கார். நர்சு வெச்சாக்கூட இந்த மாதிரி பாக்க மாட்டாங்க" என்று போனில் ஸ்டெஃபான் நெகிழ்ந்தான். "நீ பாத்துக்கறன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு இங்க நிம்மதியா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்மா" என்று ஒர்த்தான்ஸ் பயணத்தைத் தள்ளிப்போட்டாள்.

போனை வைத்துவிட்டு வெண்மதி வாசல் கேட்டைப் பார்த்தாள். அவளுக்கென்று வாய்த்த ஒரே சந்தோஷமும் அந்தக் கேட்டுக்கு இன்னொரு பூட்டாக ஆகியிருந்தது. கூப்பிட்டு யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த ஆகஸ்டில் ஸ்டெஃபானும் ஒர்த்தான்ஸும் சேர்ந்தே வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் பஹீமா வீட்டில் விருந்தாளிகள். அவளால் வர முடியவில்லை. "நான் உக்கார்றேன். பப்பா கூட ஆடி எத்தனை வருஷமாச்சு" என்று ஸ்டெஃபான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எதிரே பெரியநாயகி அக்கா அவன் கூட்டாளி. ஒர்த்தான்ஸ் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

துருப்புக்காகத் திருப்பி வைத்தது ஆட்டின் ஒன்பது. வெண்மதி எடுத்துக்கொண்டாள். கையில் ஏற்கெனவே ஆட்டின் ஜாக்கி இருந்தது. முதல் இறக்கம் ஜாக்கி. எல்லோரும் சின்னத் துருப்பாகத் தந்தார்கள். அடுத்தது ஒன்பது. ஸ்டெஃபானிடம் மிஞ்சியிருந்த ஒரே துருப்பு ஏஸ். வேறு வழியில்லாமல் அதைக் கீழே வைத்தான்.

"அடேயப்பா!" என்றான். "இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"மாமாவைக் கேளுங்க."

லெயோனின் கண் சிரித்தது. ஆட்டம் முடிந்தபோது ஸ்டெஃபான் பக்கம் படுதோல்வி. அவனுக்கு அது பிடித்திருந்தது. மனைவியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "அங்க என் ஃபிரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் சனிக்கிழமை ஆடுவாங்க. உன்னைக் கொண்டுபோய் உக்கார வெச்சா அத்தனை பேரையும் காலி பண்ணிடுவ."

"அப்ப கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே தம்பி?" சீட்டைக் கலைத்துக்கொண்டே பெரியநாயகி அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"போகத்தான்கா போறோம். வராம எங்க போயிடப் போறா? பப்பா இருக்கற வரைக்கும்தானே..."

சீட்டு கலையும் சத்தம் நின்றது. சோபாவில் தைலம் தடவிய கை நின்றது. பேச வராததால் லெயோனுக்குக் காதும் கேட்காது என்கிற மாதிரி அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. அவர் மகனைப் பார்த்தார். அப்புறம் எதிரே இருந்த மருமகளைப் பார்த்தார். பெரியநாயகி அக்கா அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டாள். தனக்கு வந்த சீட்டுகளை லெயோன் பிரஷ்ஷில் செருகவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோருக்கும் முகம் தெரியும்படி மேஜையில் திருப்பி வைத்தார். பிறகு, நாற்காலியைத் திருப்பச் சொல்லிச் சக்கரத்தைத் தட்டினார்.

அன்று இரவுக் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மாத்திரையைத் துப்பினார். "குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறார், பசிச்சா சாப்பிடுவார்" என்றான் ஸ்டெஃபான். ஆனால் அவன் அப்பாவின் அறைக்குள் போவதைத் தவிர்த்தான். ஒர்த்தான்ஸ் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் மருமகள் மேல் வந்தது.

"வெளியாளுங்கள வூட்டுக்குள்ள வுட்டு, சீட்டுக் கச்சேரி நடத்துனா இப்படித்தான் ஆவும். இனிமே இந்த வூட்ல சீட்டு கிடையாது. சொல்லிட்டேன்."

"சீட்டு என்னாங்க அத்தை பண்ணுச்சு? பேசுனது யாரு?"

அவள் ஒர்த்தான்ஸை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மத்தியானம் வீடு படுத்திருந்தது. ஆடிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. வெண்மதி கஞ்சிக் கிண்ணத்தோடு மாமனார் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, இங்க பாருங்க. பாக்காட்டியும் பரவால்ல, கேளுங்க. அவர் சொன்னது தப்புதான். ஆனா நான் உங்ககிட்ட நல்லவ வேஷம் போட மாட்டேன். நானும் அப்படி நெனச்சிருக்கேன். ஒருநாள் இல்ல, பல நாள். துணி மாத்தும்போது, முதுகு வலிக்கும்போது. இது எப்ப முடியும்னு நெனச்சிருக்கேன்."

வெண்மதி கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா நீங்க பட்டினி கிடந்து சாவீங்க, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்புவேனா? அப்படிப் போய் அங்க நான் எப்படி உக்காந்து சோறு திங்கறது? என்னை வுட்டுடணும்னு நெனச்சுதானே பண்றீங்க? இது என்னை வுடறதுல்ல மாமா. ஆயுசுக்கும் கட்டிப்போடறது."

அவர் மெல்லத் திரும்பினார். கண்ணில் இருந்து வழிந்தது காதுப் பக்கம் இறங்கியது. இடது கையைத் தூக்கினார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியவில்லை. வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது. பிறகு வாயைத் திறந்தார். அவள் ஸ்பூனை நீட்டினாள்.

ஸ்டெஃபான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் அவனிடம் பேசினாள். அழவில்லை.

"காலையில ஒரு ஆள் வெச்சுடுங்க. நான் வேலைக்குப் போகப்போறேன். பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் கேட்டிருக்காங்க, அரை நாள்."

"எதுக்கு மதி? உனக்கு என்ன குறை வெச்சிருக்கேன்?"

"எதுன்னாலும் உங்களைக் கேட்டுத்தான்னு வெச்சிருக்கீங்க."

அவன் மறுத்துப் பேசவில்லை. சீட்டு மேஜையில் தான் சொன்ன வார்த்தையை அவனாலும் மறக்க முடியவில்லை போலிருக்கிறது. திருவேட்டக்குடியில் இருந்து செல்லக்கண்ணு என்பவர் காலை நேரத்துக்கு வர ஆரம்பித்தார். கடலுக்குப் போய்த் தோள் பழுதானதால் கரையில் வேலை தேடிக்கொண்டிருந்த மனிதர். லெயோனைத் தூக்குவதில் சூரர்; வாய் ஓயாமல் அவரிடம் மீன் கதை பேசுவார். வெண்மதி காலையில் புடவை கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மத்தியானம் அதே கேட்டுக்குள் திரும்பி வந்தாள். பள்ளியில் முத்தமிழ் என்கிற இயற்பியல் டீச்சர் சினேகமானாள். "வீட்டுக்காரர் பிரான்சுலயா? நீங்க எப்ப போறீங்க?" என்று முதல் நாளே கேட்டாள். "போகணும்" என்று வெண்மதி சொன்னாள்.

சீட்டு கூடாது என்ற ஒர்த்தான்ஸின் உத்தரவு, லெயோன் மறுபடியும் மேஜையைத் தட்ட ஆரம்பித்ததும் தானாகக் கரைந்தது. பஹீமாவும் பெரியநாயகி அக்காவும் திரும்பி வந்தார்கள். ஒர்த்தான்ஸ் சோபாவில் இருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் பஹீமா குடையை மடக்காமலே வாசலில் நின்றாள்.

"என்னாடி, உள்ள வா."

"மதி, மச்சான் டிக்கெட் போட்டுட்டாங்க. விசா எல்லாம் வந்துருச்சு. அடுத்த வாரம் மெட்ராஸ்ல ஃபிளைட்டு."

அவள் அதைக் குற்றம் செய்தவள் மாதிரி சொன்னாள். வெண்மதி அவளைக் கட்டிக்கொண்டாள். "சந்தோஷம்டி. ஏன் இதுக்கு முகத்தத் தொங்கப்போடுற?" என்றாள். உள்ளே வந்து சீட்டைப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு எந்தச் சீட்டு போனது, எது இருக்கிறது என்று ஒன்றுமே நினைவில் நிற்கவில்லை. கூட்டாளியின் ஏஸையே துருப்பால் வெட்டினாள். லெயோன் "நோன்" சொல்லவில்லை.

பஹீமா கிளம்பிய காலையில் வெண்மதி பீரோவைத் திறந்து அந்த மேல்கோட்டை எடுத்தாள். ஒருமுறைகூடப் போடாதது. எதிர்வீட்டுக்குப் போய், "அங்க இப்ப குளிராம்" என்று அவள் கையில் கொடுத்தாள். பஹீமாவின் மாமியார் ஷரீபுன்னிசா, "நீ போவும்போது உனக்கு வேணாமா புள்ளே?" என்றார். வெண்மதி, "அது இப்ப எனக்குப் பத்தாதுங்க மாமி" என்றாள்.

நாலாவது நாற்காலி காலியாயிற்று. முத்தமிழைக் கேட்டாள், அவளுக்குச் சின்னக் குழந்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும். பெரியநாயகி அக்கா மூன்று பேரோடு ஆடிப்பார்க்கலாம் என்றாள். லெயோன் ஒத்துக்கொள்ளவில்லை. மேஜையைத் தட்டினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் எதிர்பார்க்காமல் ஒர்த்தான்ஸ் சோபாவில் இருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"பிரான்சுல இருந்தப்ப, ரெம்ஸ்ல, தூலோன்ல, எத்தினி வருஷம் இவருக்கும் இவரு கூட்டாளிங்களுக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன். ஒருத்தனும் நீயும் உக்காருன்னு சொன்னதில்ல. நின்னு நின்னு பாத்தாச்சு. போடு சீட்ட."

பார்த்துத் தெரிந்துகொண்டதால் ஆட்டம் சுமார்தான். ஆனால் கள்ளாட்டத்தில் ஆளை அசத்தினாள். தைலம் தேய்க்கிற சாக்கில் சாய்ந்து பக்கத்துக் கையை எட்டிப் பார்ப்பாள். பெரியநாயகி அக்காவிடம், "நெஞ்சு கரிக்குது" என்றால் ஆட்டின் இருக்கிறது என்று பொருள். மூன்றாம் நாளே லெயோன் கண்டுபிடித்துவிட்டார். மனைவியைச் சுட்டிக்காட்டி, "நோன், நோன், நோன்" என்றவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்தார். பக்கவாதம் வந்த பிறகு அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒர்த்தான்ஸும் சிரித்தாள். வெண்மதிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று பக்கமும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். எதிரே மாமனார். பக்கத்தில் மாமியார். தனக்கென்று அவள் கூட்டிச் சேர்த்த மேஜையில் இப்போது பாதி அந்த வீடே வந்து உட்கார்ந்திருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் ஸ்டெஃபானின் அழைப்பு வந்தது. போனோடு ஜன்னல் பக்கம் போனாள்.

"மதி, விஷயம் தெரியுமா? மம்மா இந்த வருஷம் இங்க வரலையாம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க. அங்கயே நல்லா இருக்குன்றாங்க. உனக்கும் துணையாச்சு. எல்லாம் உன்னாலதான்."

வெண்மதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் ஒரு மனிதரின் மூச்சுத்தான் கணக்காக இருந்தது. இப்போது இரண்டு பேர். அதற்கப்புறம் வேறு ஏதாவது வரும். கணக்கு என்றைக்கும் தீரப்போவதில்லை. ஸ்டெஃபானுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்றுமே வந்ததில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள்.

"அதான் சொல்றேன்."

"அத்தை இங்கயே இருக்காங்க. காலையில செல்லக்கண்ணு வர்றாரு. மாமாவுக்கு ஆள் இருக்கு. நான் ஸ்கூல்ல லீவு சொல்லிக்கறேன். ஒரே ஒரு மாசம் வந்து உங்க வூட்டப் பாத்துட்டு வர்றேன். அதுக்கு வேண்டியத நாளைக்கே ஆரம்பிங்க."

மறுபக்கம், பின்னால் எங்கோ பிரெஞ்சில் அறிவிப்பு கேட்டது.

"இப்பவா? இப்ப ரொம்பக் குளிருமே மதி."

"குளிரட்டும்."

"சரி... பாக்கறேன்."

"பாருங்க. நானும் திங்கக்கிழமை பாண்டிச்சேரி போய் விசாவுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வர்றேன். பெரியநாயகி அக்கா கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

பெரியநாயகி அக்கா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மேஜையில் இருந்தபடியே, "ஆமா, போறோம்!" என்று உரக்கச் சொன்னாள். ஒர்த்தான்ஸ் சீட்டில் இருந்து தலையைத் தூக்கினாள். லெயோன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். என்னென்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவனிடம் இருந்து வரவேண்டிய காகிதங்கள் சில இருந்தன. அனுப்புகிறேன் என்றான். தை பிறந்து, மாசியும் ஆயிற்று. இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போதெல்லாம் அவன் கூப்பிட்டு, பப்பா சாப்பிட்டாரா என்று கேட்கும் முன்னால் அவள் முந்திக்கொள்கிறாள். "என்னாச்சுங்க, அனுப்பிட்டீங்களா?" தினமும் கேட்கிறாள், குரலை உயர்த்தாமல். அவன் ஏதாவது சொல்கிறான். அவள் கேட்டுக்கொள்கிறாள். அதற்குள் உள்ளே இருந்து ஒர்த்தான்ஸின் குரல் வரும்.

"மதி, எவ்வளவு நேரம்? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

"வர்றேன் அத்தை" என்பாள். ஆனால் போனை உடனே வைப்பதில்லை.